காசிம் பந்தலில் இருப்பான்

மகனே,

நீ செய்தது தவறு. காசிமின் சைக்கிள் கடைக்குப் போய், காற்றடிக்க வந்தவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, "என் கல்யாணத்துக்கு நீங்க வர வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தாய். உன்னை முதன்முதலில் சைக்கிளில் உட்காரவைத்து, பின்னால் பிடித்துக்கொண்டே லஸ் வரைக்கும் ஓடிவந்தவனிடம் சொன்னாய். அதற்கு முன்னால் என் தகரப் பெட்டியைக் கேட்காமல் திறந்தாய். யுத்த காலத்தில் அவன் எனக்கு எழுதிய கடிதங்களை எடுத்துக்கொண்டு போய் முன்பின் தெரியாத ஒரு மனிதரை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாய். இப்போது அந்தக் கடிதங்களோடு பிராட்வேயில் உன் சிநேகிதன் அறையில் போய் உட்கார்ந்திருக்கிறாய். தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். இந்த வீட்டில் உனக்குத் தகப்பன் ஒருவன் இருக்கிறான். அவன் உன்னிடம் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

இந்தக் கடிதத்தை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் சிநேகிதன் படிக்கட்டும். உன் மாமனார் படிக்க விரும்பினால் அவரும் படிக்கட்டும். எழுதுவதற்கு முன் காசிமைக் கேட்டேன். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது கோணாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே, "எழுதிக்கோயா. நம்ப மூஞ்சியப் பாத்தா எவன் நம்பப் போறான்?" என்றான். அவனுக்கு எல்லாமே சிரிப்புத்தான். எனக்கு அப்படி வராது. எனக்குக் கோபம் வந்தால் அது ஊறிக்கொண்டே இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அவன் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதை முதலில் தெரிந்துகொள். கல்யாணத்துக்கு வர முடியாது, முட்டி வலி என்று என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறி மிதித்துக்கொண்டு போனான். "முட்டி வலிக்காரன் இன்னாத்துக்கு சைக்கிள் ஓட்டறான்?" என்று பின்னாலேயே கத்தினேன். மணியை அடித்துக்கொண்டே தெருவைத் தாண்டிவிட்டான். மறுநாள் கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றேன். வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டித்தான் பம்பை எடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் சலித்துப்போய்ச் சொன்னான். சொல்லிவிட்டு, "புள்ளைய ஒண்ணியும் சொல்லாத. பயந்துகினு கீறான்" என்றான். நீ அவமானப்படுத்திய மனிதன் உனக்காகப் பேசினான்.

அன்று நான் வீட்டுக்கு வந்து உன்னைக் கேட்டபோது நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, "யாருன்னு சொல்லி அவர உக்கார வைக்கிறது நைனா?" இரண்டு, "அம்மாவுக்கு நீ பண்ணது துரோகம்." இரண்டுக்கும் சேர்த்து நான் கத்தினேன். நீ சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். கத்தும்போது நான் விட்டதையெல்லாம் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஜெர்மன் யுத்தத்தில் நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கொத்து வேலை தெரியும். மெசபடோமியாவில் பாலம் கட்டுவதற்கு அது போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆற்றில் படகுகளை வரிசையாக நிறுத்திக் கட்டி, அதன்மேல் பலகை பரப்பி, பட்டாளமும் பீரங்கியும் போக வழி செய்வோம். ஒரு பலகையின் ஒரு முனையை நான் தூக்குவேன், மறு முனையைக் காசிம் தூக்குவான். அவனும் நம் ஊர்க்காரன்தான், இராயப்பேட்டை. ஆனால் இங்கே பார்த்ததில்லை. பஸ்ராவில்தான் பார்த்தேன். நான் என் முனையை எப்போது கையிலிருந்து இறக்குவேன் என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் எப்போது மூச்சு வாங்குவான் என்று எனக்குத் தெரியும். நாள் முழுவதும் ஒரே மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தால் அந்த முகம் பழகிப்போகும் என்று நினைப்பாய். எனக்குப் பழகவே இல்லை. இன்றைக்கும் இல்லை. அதற்கு மேல் ஒரு தகப்பன் மகனுக்கு எழுத வேண்டாம். உனக்குப் புரியும். உனக்கும் கல்யாண வயது.

பட்டாளத்தில் ஒருவன் வீட்டுக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் கம்பெனி ரைட்டர் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவர் எழுதுவார். பின்னால் வரிசையில் நிற்கிறவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான். ஊரிலிருந்து வருகிற கடிதத்தையும் அவரே உரக்கப் படிப்பார். யாருடைய பெண்டாட்டி மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு போனாள், யாருடைய ஆடு செத்தது என்று கம்பெனி முழுவதும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் தன் மனதில் இருப்பதை எப்படிச் சொல்வான்? "இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும்" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாது.

காசிமுக்கு எழுதத் தெரியும். ஆனால் ரைட்டர் கணக்கில் அவனும் தற்குறிதான். ஏனென்றால் அவன் சின்ன வயதில் பள்ளிவாசலில் படித்தது அரபுத்தமிழ். பேசுவது நம் தமிழ்தான். எழுதுவது மட்டும் அரபு எழுத்தில், வலமிருந்து இடமாக. அவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாம் அப்படித்தான் எழுதுவார்கள், படிப்பார்கள். வேலை முடிந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும்போது ஈரக் களிமண்ணில் ஓர் ஆணியால் அவன் எனக்கு அந்த எழுத்துகளைக் கீறிக் காட்டினான். நானாகக் கேட்டுத்தான். அவன் கீறியதை அழித்துவிட்டு நான் கீறுவேன். என் முதல் எழுத்து அது. தமிழ் எழுத்தை அப்புறம், ஊருக்குத் திரும்பிய பிறகு, கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து என் தப்புகளைத் திருத்தும்போது எரிச்சலாக இருக்கும். அது வேறு கதை.

அவனுக்குக் காய்ச்சல் கண்டு ஆற்றோடு கீழே பஸ்ரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் மேலே, அமாரா பக்கம். பஸ்ராவிலிருந்து அவன் கடிதம் ஒன்று எனக்கு வந்தது. எல்லாக் கடிதத்தையும் பார்வையிடுகிற துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கூடாரத்தில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒருவர் தமிழ்க் குமாஸ்தா, மற்றவர் உருதுக் கடிதங்களைப் படிக்க வடக்கிலிருந்து வந்த முன்ஷி. அடுப்புக்குப் பக்கத்து இடம் யாருக்கு என்று இருவருக்கும் சண்டை. அதனால் ஒருவர் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், மற்றவர் ஈச்ச மரத்தைப் பார்த்து. துரை கடிதத்தைக் குமாஸ்தாவிடம் நீட்டினார். "இது தமிழ் இல்ல சார், சாய்பு எழுத்து" என்றார் அவர். முன்ஷியிடம் நீட்டினார். முன்ஷி மனதுக்குள் படித்துப் பார்த்துவிட்டு, எழுத்து நம்முடையது, வார்த்தை நம்முடையது இல்லை என்று உதட்டைப் பிதுக்கினார். அவர் ஒரே ஒரு வரியை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். மூன்று முழம் தள்ளி உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் காதில் சுத்தமான தமிழ் விழுந்திருக்கும். ஆனால் அவர்கள்தான் பேசிக்கொள்வதில்லையே.

துரை என்னைப் பார்த்தார். குமாஸ்தா அவர் கேட்டதைத் தமிழில் கேட்டார். "இன்னாய்யா இது?"

"வேண்டுதல் காயிதம் சார். காய்ச்சல் தீர்றதுக்கு."

"நீ இந்து. உனக்கு எதுக்கு சாய்பு வேண்டுதல்?"

"நாகூர் ஆண்டவருக்கு, சார். எல்லாருந்தான் வேண்டிக்குவாங்க."

குமாஸ்தா முகம் மாறிவிட்டது. "ஆமாம் சார், எங்க அம்மாகூட எனக்குப் பேதி நிக்கணும்னு நேந்துக்கினாங்க" என்று இங்கிலீஷில் அவர் துரைக்கு எடுத்துச் சொன்னதாகப் பிற்பாடு தெரிந்தது. துரை சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். அதற்குப் பிறகு அந்த எழுத்தில் எது வந்தாலும் வேண்டுதல் காகிதம் என்று குத்தி அனுப்பிவிடுவார்கள். என் பதில்களும் அப்படியே போயின. யுத்தம் முடியும்வரை நாங்கள் எங்களுக்கு வேண்டியதையெல்லாம் எழுதிக்கொண்டோம். சர்க்காரே முத்திரை குத்தி, சர்க்கார் படகிலேயே ஏற்றி அனுப்பியது.

அவன் என்ன எழுதினான் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொல்கிறேன், என் வாயால் கேட்பது வேறு. "உன் சட்டை என் மூட்டையில் வந்துவிட்டது. திருப்பித் தரமாட்டேன். துவைக்கவும் மாட்டேன்." "காய்ச்சல் பார்க்கிற அம்மா வரும்போது உன்னை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். நினைத்தால் பாதரசம் ஏறிவிடுகிறது, வெளியே விடமாட்டேன் என்கிறார்கள்." "நடுவில் பலகை இல்லாமல் ஒரு நாள் உன் எதிரில் நிற்க வேண்டும்." இதில் எந்த வரிக்கு நான் வெட்கப்பட வேண்டும், மகனே? பக்கத்துப் படுக்கையில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அவன் இதை எழுதினான். நான் இதைப் படித்துவிட்டு மறுநாள் பலகை தூக்கினேன். எங்கள் கம்பெனியில் புத்தி பேதலித்துப் போனவர்கள் உண்டு. எனக்கு அது நேரவில்லை என்றால் அதற்குக் காரணம் அந்தக் காகிதங்கள்தான்.

திரும்பி வந்தோம். அவன் சைக்கிள் கடை வைத்தான். நான் மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துப் புது வீடுகள் எழும்பிய காலத்தில் மேஸ்திரியானேன். பெரியவர்கள் பார்த்து உன் அம்மாவை எனக்குக் கட்டிவைத்தார்கள். காசிம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம் கடையைக் காட்டுவான். இந்த இடத்தில் நீ துரோகம் என்ற வார்த்தையைப் போட்டாய். உன் அம்மா அடுத்த அறையில்தான் இருந்தாள். அவளைக் கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை, அவளுக்காக நீயே பேசிவிட்டாய். அவள் கோபம் என்மேல் இல்லை, உன்மேல்தான்.

கல்யாணமான புதிதில் காசிம் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவான். ஒரு நாள் உன் அம்மா வந்து கேட்டாள், "அவரு ஏன் உள்ள வர மாட்டேன்றாரு? நான் கடிச்சிடுவனா?" நான் ஏதோ மழுப்பினேன். அவள் விடவில்லை. பெட்டியில் இருக்கும் காகிதம் என்ன என்று கேட்டாள். அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான் பொய் சொல்லியிருக்கலாம், பட்டாளத்துத் துரையிடமே சொன்னவன்தானே. சொல்லவில்லை. ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "எனுக்கு எவனும் இப்டி ஒரு காயிதம் போட்டதில்ல" என்றாள். இரண்டு நாள் என் முன்னால் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் காசிம் வாசலில் வந்து நின்றபோது இவளே போய், "எனுக்குக் கூடப் பொறந்தவன் யாரும் இல்ல. நீ அண்ணனா உள்ள வர்றதுன்னா வா. இல்லாங்காட்டி தெருவோட போ" என்றாள். காசிம் செருப்பைக் கழற்றினான்.

அப்படித்தான் அவன் உனக்கு மாமு ஆனான். உனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டும் என்றார் ஆசாரி. உன் அம்மா காசிமைக் கை காட்டினாள். சாய்பு மடியிலா என்று என் பெரியப்பா எழுந்து நின்றார். "அந்த மடியில குந்தாட்டி புள்ளைக்குக் காதே குத்த வேணாம், மூளியாவே இருக்கட்டும்" என்றாள். பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். நீ அலறினாய். காசிம் உன்னோடு சேர்ந்து அழுதான். அந்த மடியின் பெயர் என்ன என்று உன் அம்மா என்றைக்கோ முடிவு செய்துவிட்டாள். நீ என்னிடம் வந்து யாரென்று சொல்லி உட்காரவைப்பது என்று கேட்கிறாய்.

நீ பெட்டியைத் திறந்தது அம்மாவின் கூறைச் சேலையை எடுக்கத்தான் என்று தெரியும். அரபு எழுத்தைப் பார்த்தாய். உன் நைனா ரகசியமாக மதம் மாறிவிட்டான், பெண் வீட்டுக்குத் தெரிந்தால் சம்பந்தம் போய்விடும் என்று பயந்தாய். அதனால் ஐதராபாத்திலிருந்து வந்து அத்தர் விற்கிற, தமிழ் தெரியாத பெரியவரிடம் கொண்டுபோனாய். தெரிந்தவரிடம் போகக் கூடாது என்று யோசித்தாயே, அதுவரைக்கும் சரி. அவர் தட்டுத் தடுமாறி உச்சரிக்க உச்சரிக்க உன் காதில் தமிழ் விழுந்தது. துப்பாக்கி வைத்திருந்த சர்க்கார் ஒரு யுத்தம் முழுவதும் செய்ய முடியாததை நீ ஒரு மத்தியானத்தில் செய்துவிட்டாய். கெட்டிக்காரன்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வைத்துக்கொண்டு, கேட்டது என்ன என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

உனக்குப் பெண்டாட்டி வரப்போகிறாள். நான் அறிந்ததைச் சொல்கிறேன். உன் மனதில் இருப்பதை அவளிடம் சொல்வதற்கு யாரோ எழுதிக்கொடுத்த வார்த்தைகளை வாங்காதே. எழுத்து தெரிந்தவள் என்று பெருமையாகச் சொன்னாய். எதிரிலேயே இருந்தாலும் அவளுக்கு எழுது. அவள் எழுதியதைக் கேட்காமல் எடுக்காதே. அவள் யாரையாவது நேசித்து, அதனால் உயிரோடு மிஞ்சி வந்திருந்தால், அந்த நேசத்துக்கு நீயும் கடமைப்பட்டவன். உன் நைனா பஸ்ராவிலிருந்து முழு மனிதனாகத் திரும்பி வந்ததால்தான் நீ பிறந்தாய்.

எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இந்த ஒரு கோபத்தைத் தவிர நான் நன்றாகவே இருக்கிறேன். நான் கட்டிய சுவர்கள் மாம்பலத்தில் நிற்கின்றன. சாயங்காலம் காசிம் வருகிறான். உன் அம்மா சுடச்சுட ஏதாவது வைக்கிறாள், உப்பு அதிகம் என்று அவன் சொல்கிறான், "துன்றதுன்னா துன்னு" என்கிறாள். மூன்று பேரும் வாய் ஓயாமல் சண்டை போடுகிறோம். மறுபடியும் யுத்தம் வரும் என்று பத்திரிகையில் போடுகிறார்கள். எந்த யுத்தம் வந்தாலும் எங்கள் மூவரையும் யாரும் எங்கேயும் பிரித்து அனுப்பப் போவதில்லை. இந்த வயதில் இதைவிட என்ன வேண்டும்? நீ பந்தலில் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பதை நாங்கள் மூவரும் பார்க்க வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

ஆகையால் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இதில் பேரம் இல்லை.

நீ கடிதங்களை ஒன்றுவிடாமல் கொண்டுவந்து என் கையில் கொடுக்க வேண்டும். பெட்டியில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. என் முகத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதே நாள், பகலில், கடையில் ஆட்கள் நிற்கும்போது, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து எடுத்துக்கொண்டு காசிமிடம் போக வேண்டும். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாய், எல்லோர் காதிலும் விழும்படியே அழைக்க வேண்டும். மாமு என்றுதான் கூப்பிட வேண்டும்.

உன் அம்மா பெண் வீட்டுக்குப் போய், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் செய்கிற முறையையெல்லாம் தன் அண்ணன் செய்வார், அவர் பெயர் காசிம் என்று சொல்லிவிட்டு வருவாள். அதை அவளே செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். நீ கூடப் போக வேண்டாம், உளறுவாய்.

உன் மாமனார் மறுத்துப் பேசினால் என்னிடம் அனுப்பு. நான் அவரோடு பேசிக்கொள்கிறேன். உன் பெண்டாட்டி பின்னால் என்றைக்காவது, இவர் யார் என்று உன்னைக் கேட்டால், நீ உண்மையைச் சொல்ல வேண்டும். உனக்குச் சொல்லத் தெரியாவிட்டால் உன் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு வா.

இவ்வளவும் நடந்தால் தாலி எடுத்துக் கொடுக்க நான் வருவேன். நடக்காவிட்டால் முகூர்த்த நேரத்தில் நான் சைக்கிள் கடையில் இருப்பேன். நீ வேறு கை பார்த்துக்கொள்.

காசிம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், வந்து முன் வரிசையில் உட்கார வேண்டும். வரமாட்டேன் என்று ஆயிரம் சாக்குச் சொல்வான். அவனைக் கூட்டிக்கொண்டு வருவது என் வேலை.